சல்லடைத் தூள்

எங்கள் ஊர் பெத்ரா லிசாவில் கப்பிபரிபே ஆற்றைப் பார்த்தே அந்த வாரம் சந்தைக்கு எந்த ஜீன்ஸ் போகிறது என்று சொல்லிவிடலாம். நீலம் ஓடினால் நீலம், கறுப்பு ஓடினால் கறுப்பு. தெளிவாக ஓடினால் தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வருகிறார் என்று அர்த்தம். வீட்டுக்கு வீடு தையல் மெஷின், ஆற்றங்கரை முழுக்கச் சலவைச்சாலை. ஆற்றைப் பற்றிக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாய் கிடையாது. எல்லார் வீட்டு அடுப்பும் அந்தச் சாயத்தில்தான் எரிகிறது.

எவரால்டோவின் சலவைச்சாலைக்கு ரெசிஃபே பல்கலைக்கழகத்திலிருந்து தாயிஸ் என்றொரு பெண் வந்து, மக்காச்சோளம் உதிர்த்த வெறுங்கட்டையால் சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யலாம் என்று சொன்னபோது ஊர் சிரித்தது. பன்றியே முகர்ந்துவிட்டுப் போகிற கட்டை ஆற்றைக் காப்பாற்றப் போகிறதாம் என்றார்கள். தாயிஸ் சட்டை செய்யவில்லை. கட்டையை அரிசி அளவுக்கு அரைத்து, சலித்து, வெந்நீரில் இரண்டு கொதி கொதிக்கவிட்டு, காயவைத்து, ஆளுயர டிரம்களில் அடைத்தாள். மேலே நீலமாக விட்ட தண்ணீர் கீழே வெளிறிய டீ போல இறங்கியது. சிரித்தவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அந்த ஆறு டிரம்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை நால்வாவுக்கு வந்தது. முழுப்பெயர் லிந்தினால்வா. இருபத்திரண்டு வருஷமாகச் சலவையில் நின்ற கை. அவளுடைய மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைப் பருத்தித் துணி மடித்துக் கிடக்கும். சாயம் ஏறிய துணியை மூன்று தண்ணீரில் அலசி, அந்த வெள்ளைத் துணிக்குள் வைத்து முறுக்கிப் பிழிவாள். கறை படியாவிட்டால், "நின்னுட்டு" என்பாள். அதன் பிறகு அந்தச் சாயம் சாகும்வரை போகாது. கடையில் பாவாடை வாங்கினாலும் நுனியை எச்சிலில் நனைத்து இதே சோதனைதான். கல்யாணத்துக்கு முன் அதெயில்டோவையும் மூன்று அலசு அலசித் துணியில் பிழிந்து பார்த்திருப்பாள் என்று எங்களுக்குள் கேலி உண்டு. அதெயில்டோ வீட்டில் உட்கார்ந்து ஜீன்ஸுக்குப் பை தைக்கிற சாது. கேலிக்கு அவனும் சிரிப்பான்.

கட்டை கொண்டுவருவது இரேனிசே. அரைத்த சோளத்தைத் தோகையில் பொதிந்து பமோன்யா அவித்து விற்கிறவர்கள், சந்தையில் சோளம் சுடுகிறவர்கள் எல்லாரிடமும் கட்டை பொறுக்கிக் கழுதை வண்டியில் ஏற்றி வந்து சலவைச்சாலைப் பின்வாசலில் கொட்டுவாள். அவளுக்கு அதற்குப் பதிலாகச் சல்லடைத் தூள். அரைத்ததைச் சலிக்கும்போது மாவு மாதிரி இறங்குமே, அது டிரம்முக்கு ஆகாது, அடைத்துக்கொள்ளும். ஆனால் ஆட்டுக்கு ஆகும். வாரம் இரண்டு சாக்குத் தூள் பின்வாசலில் அவளுக்காகச் சாய்த்து வைத்திருக்கும். யாரும் பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை அது. முதல் நாள் நால்வா நீட்டினாள், அவள் வாங்கிக்கொண்டாள், அப்படியே வழக்கமாகிவிட்டது.

இருவரும் நெருப்புறவு. பதினாறு வயதில், செயிண்ட் ஜான் திருநாளுக்கு முந்தின சாயங்காலம், வாசலில் மூட்டிய தீயின் இரண்டு பக்கமும் நின்று கைகோத்து மூன்று சுற்றுச் சுற்றிச் சத்தியம் செய்தவர்கள். அப்படிச் செய்துவிட்டால் கூடப்பிறந்ததைவிட ஒரு படி மேல். பிறகு பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, மதினி என்றுதான் அழைக்க வேண்டும். முப்பது வருஷமாக அந்த இரண்டு பேரும் மதினி என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். சண்டை போட்ட நாளில்கூட, "போ மதினி, உம் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றுதான் சண்டை.

அந்த வருஷம் தொடர்ந்து மூன்றாவது வறட்சி. மழை இல்லாவிட்டாலும் எங்கள் பக்கத்து ஆடுகளைக் காப்பாற்றுவது கள்ளி. வேலியோரம் நட்டுவைத்து, வெட்டி வெட்டிப் போட்டு வருஷத்தை ஓட்டிவிடலாம். அதையும் செம்பூச்சி பிடித்தது. வெள்ளைப் பஞ்சு மாதிரி மடலில் ஒட்டியிருக்கும், நசுக்கினால் ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்பைக்கூட எங்கேயோ சாயத்துக்கு வாங்குகிறார்களாம். எங்களுக்கு ஆற்றிலும் சாயம், காட்டிலும் சாயம். இரேனிசேயின் கள்ளி வரிசை முழுவதும் இரண்டு மாதத்தில் கறுத்துச் சரிந்தது. பத்தொன்பது வெள்ளாடு அவளுக்கு. புருஷன் சாவோ பாவ்லோ போய்ப் பதினோரு வருஷம், ஒரு கடுதாசி கிடையாது. ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்து சந்தையில் விற்பதுதான் அவளுடைய ஜீவனம்.

இனி சலவைச்சாலையின் சாமான் கொட்டாரத்துக்கு வரவேண்டும்.

எட்டு நாளில் டிரம் கட்டையின் வயிறு நிறைந்துவிடும். அதற்குமேல் அது சாயத்தைப் பிடிக்காது. அதை அள்ளி, காயவைத்து, சாக்கில் கட்டிக் கொட்டாரத்தில் அடுக்க வேண்டும். தூரத்து ஊரிலிருந்து லாரி வந்து ஏற்றிப்போய்ப் பெரிய சூளையில் எரிப்பார்கள். தாயிஸ் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். மண்ணில் கொட்டக் கூடாது, அடுப்பில் வைக்கக் கூடாது, மிருகத்துக்குப் போடக் கூடாது. சொன்னதோடு விடாமல் செய்தும் காட்டினாள். வேலை முடிந்த கட்டையை ஒரு கரண்டி தண்ணீரில் போட்டாள். தண்ணீர் தெளிவாக நின்றது. இன்னொரு கரண்டியைப் புளித்த காடியில் போட்டாள். கண்ணாடி டம்ளரில் நீலம் பூத்து இறங்கியது.

"பாத்தீங்களா? தண்ணிக்கு விடாது. புளிப்புக்கு விட்டுரும்" என்றாள்.

நால்வா பக்கத்தில் நின்று பார்த்தாள். அது நடந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

ஏப்ரல் மாதம் லாரி வரவில்லை. மே மாதமும் வரவில்லை. கொட்டாரத்தில் பன்னிரண்டு சாக்கு. எவரால்டோ வந்து வாசலில் நின்றான்.

"திங்கக்கெழம அதிகாரி வாரான். வெள்ளிக்குள்ள இது காலியாவணும்."

"எங்க கொண்டு போக, மொதலாளி? லாரி?"

"லாரியப் பத்தி எங்கிட்ட பேசாத. காலியாவணும், அம்புட்டுத்தான். எங்க போச்சுன்னு எனக்குத் தெரியவும் வேண்டாம்."

அன்றைக்கு மத்தியானம் இரேனிசே வண்டியோடு வந்தாள். வண்டியில் கால்வாசிகூடக் கட்டை இல்லை. சோளமே விளையாத வருஷத்தில் கட்டைக்கு எங்கே போவது? தூளும் அரைச் சாக்குத்தான் இருந்தது. அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டு அவள் கீழே வைத்தாள். கொட்டாரத்துப் பக்கம் பார்த்தாள்.

"மதினி, அங்க அடுக்கிக் கெடக்கே, அதுவும் கட்டைதான?"

"அது வேலை முடிஞ்சது. சாயம் குடிச்சது."

"குடிச்சா என்ன? எம் ஆடுக நேத்து சிமெண்டுச் சாக்கத் தின்னுச்சு. முந்தாநாளு எம் பாவாட. சாயத்தோடதான் தின்னுச்சு."

"அப்பிடி இல்ல மதினி..."

"மேயரு எந்திரிக்க மாட்டேங்கான்." மேயர் என்பது அவளுடைய கிடா. கண்டதையும் தின்பதால் அந்தப் பேர். "எல்லாத்தையும் திங்கிறவன் இப்ப தின்னக் கெடைக்காமப் படுத்துக் கெடக்கான். ஊர் மேயரு இப்பிடிப் படுத்திருக்காரா? ஒரு சாக்குக் குடு. ஒண்ணே ஒண்ணு."

நால்வா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அதை அவளுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாக்கைப் பிரித்துத் தொட்டியில் கொட்டி அலசினாள். முதல் தண்ணீர் கலங்கல். இரண்டாவது கொஞ்சம். மூன்றாவது தெளிந்துவிட்டது. ஒரு பிடி எடுத்து வெள்ளைத் துணியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். துணியை விரித்தாள். ஈரம் மட்டும்தான் இருந்தது.

"நின்னுட்டு" என்றாள்.

"நின்னுட்டுல்ல?" என்றாள் இரேனிசே.

"நின்னுட்டு. உன் நீலப் பாவாட ஒடம்புல ஒட்டுதா? அது மாதிரித்தான்."

சலவைக்காரிக்குத் தண்ணீர்தான் சாட்சி. தண்ணீர் தெளிந்தால் விவகாரம் முடிந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்தச் சாட்சி அவளிடம் பொய் சொன்னதில்லை. ஆனால் காடி டம்ளர் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. வந்ததை அவள் ஓரமாக ஒதுக்கினாள். மதினியின் ஆடு பட்டினி கிடக்கிறது என்பது ஒரு கை. வெள்ளிக்கிழமைக்குள் கொட்டாரம் காலியாக வேண்டும் என்பது இன்னொரு கை. இரண்டு கையும் சேர்ந்து ஒதுக்கின. இந்த இடத்தில்தான் அவளை மன்னிக்க எனக்கே தயக்கமாக இருக்கிறது. ஒரு சாக்குக் கேட்டவளுக்கு அவள் பன்னிரண்டையும் அலசிக் கொடுத்தாள்.

இரேனிசேவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் ஒரு முழு வட்டப் பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நால்வா வீட்டு மேசையில் வைத்தாள்.

"எதுக்கு மதினி இது? சந்தைக்குக் கொண்டு போவியா..."

"சும்மா கெட. ஆடுக என்னமாத் திங்குதுங்க! ஒரு உப்புக் கரிப்பு இருக்கு போல. நக்கி நக்கித் திங்குதுங்க. மேயரு எந்திரிச்சு என்னய முட்ட வந்துட்டான்."

சாயம் துணியில் பிடிக்க உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். அந்த உப்பு மூன்று அலசலில் முழுக்கப் போகவில்லை. நால்வா சிரித்தாள். அவித்த சோளமாவோடு பாலாடைக்கட்டியைச் சுட்டு வைத்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

எட்டாம் நாள் புதுப்பெண் செத்தது. புதுப்பெண் என்பது முதல் ஈற்றுக்குச் சினையாக இருந்த பெட்டை. பிறகு நாளுக்கு ஒன்று, இரண்டு. கழிச்சல், வயிறு உப்பல், பல்லைக் கடித்தபடி மூலையில் நிற்பது, பிறகு கால் மடங்குவது. ஆறு நாளில் ஏழு ஆடு. நால்வா ஒவ்வொரு சாயங்காலமும் வேலை விட்டதும் அங்கே போனாள். பட்டி வாசலில் இரேனிசே மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள்.

"நாந்தான் கொன்னேன் மதினி. போன மாசம் தூத்தல் போட்டுச்சுல்ல, கல்வேலி ஓரத்துல காட்டு மரவள்ளி துளிர்த்துருந்துச்சு. பாத்துட்டே இருந்தேன். வாடுன இலைய ஆடு தின்னா சாவும்னு பச்சப்புள்ளைக்குத் தெரியும். அந்தப் பக்கம் எதுக்கு அவுத்து விட்டேன்? கொஞ்சம் பச்சையத் திங்கட்டுமேன்னு நெனச்ச பாவி நான்."

"அழாத மதினி. நீ என்ன வேணும்னா செஞ்ச?"

"எங்கையாலதான மதினி அவுத்து விட்டேன்."

நால்வா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தடவிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பாட்டின் முன் உட்காருவாள். அலமாரியில் அந்தப் பாலாடைக்கட்டியில் கால்பங்கு மிச்சம் இருந்தது. அது அந்தச் சாக்குகள் ஆட்டுக்குப் போவதற்கு முந்தைய பால், அதில் ஒரு குற்றமும் கிடையாது. அப்படியிருந்தும் அதை எடுத்து மேசையில் வைக்காமல் விட்டாள். பாலைத் திரிக்கக் குட்டியின் இரைப்பையைக் காயவைத்து ஊறப்போடுவார்கள். எத்தனையோ தடவை அவளே அதைக் கழுவியிருக்கிறாள். அந்தப் பை என்ன வாசம் வீசும் என்று அவளுக்குத் தெரியும். புளித்த வாசம், காடி வாசம்.

அதெயில்டோ மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "எனக்கு ஒண்ணு புரியல. காட்டு மரவள்ளி தின்ன ஆடு ஆறுன காப்பியக் குடிக்கதுக்குள்ள விழுந்துரும். எங்கப்பன் பட்டில பாத்துருக்கேன். இது என்ன, நாள் கணக்குல இழுக்குது?"

"எனக்கென்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தாள் நால்வா.

அவன் அவளைப் பார்த்தான். "ஒன்னயக் கேக்கல. சும்மா சொன்னேன்."

அவன் மறுபடி மிதிக்க ஆரம்பித்தான். அன்றைக்கு அவள் பாத்திரத்தை மூன்று தரம் கழுவினாள்.

மறுநாள் அரைநாள் வேலை. உச்சி வெயிலில் அவள் பட்டிக்குப் போனபோது இரேனிசே ஒரு சாக்கை இழுத்துவந்து தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நீலத்தில் கட்டை சரசரவென்று இறங்கியது. இன்னும் ஐந்து சாக்கு சுவரோரம் இருந்தது. எழ முடியாமல் கிடந்த ஒரு பெட்டை அந்தச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கியது. மேயர் முழங்காலில் நகர்ந்து வந்தான்.

"அதப் போடாத மதினி."

"ஏன்?"

"பூஞ்ச புடிச்சிருக்கும். நாளாயிட்டுல்ல. நான் எடுத்துட்டுப் போயிருதேன்."

"பூஞ்சையா? மோந்து பாத்தேனே." இரேனிசே ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்தாள். "ஒண்ணுமில்ல. சாகக் கெடக்கதுகூட இதக் கண்டாத்தான் மதினி தலையத் தூக்குது. இதயும் இல்லைன்னு சொல்லிட்டா அதுகளுக்கு நான் என்னத்தக் குடுப்பேன்? எங்கையவா?"

மேயர் தொட்டிக்குள் வாயை வைத்துவிட்டான். நால்வா பாய்ந்து அவன் கொம்பைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். அவன் திமிறினான். அவள் விடவில்லை.

"காட்டு மரவள்ளி இல்ல மதினி. இதுதான்."

"எதுதான்?"

"இந்தக் கட்ட. சாயம் விட்டுருச்சு. வயித்துக்குள்ள போயி விட்டுருச்சு. தண்ணிக்குத்தான் நிக்கும், புளிப்புக்கு நிக்காது. அந்த ரெசிஃபே பொண்ணு எங்கண்ணு முன்னால காடியில போட்டுக் காட்டுனா."

இரேனிசே கையில் பிடித்திருந்த கட்டையைப் பார்த்தாள்.

"எப்பக் காட்டுனா? இப்பவா?"

இப்போதுதான் என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் நால்வாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அது தவறு, யாருக்கும் நேரக்கூடிய தவறு. இரேனிசே அழுதுவிட்டு மன்னித்தும் இருப்பாள்.

"போன வருசத்துக்கு முந்தி" என்றாள் நால்வா.

"அப்ப எனக்குக் குடுக்கையில தெரியும்."

"முழுசாத் தெரியாது."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

வேலிக்கு அந்தப் பக்கம் கழுதை வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு சாக்கு" என்றாள் இரேனிசே. "நான் ஒண்ணு கேட்டேன். மனசுக்காரி, பன்னெண்டு குடுத்துட்டாளேன்னு சந்தைல எல்லார்ட்டயும் சொன்னேன்."

"கொட்டாரத்தக் காலி பண்ணச் சொன்னான் மொதலாளி."

"ஓ."

அந்த ஒற்றை எழுத்துக்கு நால்வா உட்கார்ந்துவிட்டாள்.

"எழவு, ஆடு போனாப் போவுது," என்றாள் இரேனிசே. அவள் குரல் உயரவில்லை. "ஆறு நாளு. நாந்தான் கொன்னேன், நாந்தான் கொன்னேன்னு தலையில அடிச்சு அழுதேன். நீ பக்கத்துல உக்காந்து எம் முதுகத் தடவுன. அந்தக் கை எப்பிடி வந்துச்சு உனக்கு? எம் முதுகத் தொட உனக்குக் கூசலையா?"

"மதினி..."

"போ நால்வா. எம் பட்டிய விட்டுப் போ."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் பேர் அந்த வாயிலிருந்து வந்தது.

நால்வா போகவில்லை என்று சொல்ல ஆசைதான். போனாள். நேரே சலவைச்சாலைக்குப் போய்த் தாயிஸுக்குப் போன் போட்டாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தாயிஸ் கேட்டாள், "மிச்சம் எத்தனை ஆடு?" பன்னிரண்டு. "கால்நடை டாக்டரை அனுப்பச் சொல்லுறேன். நாளைக்கு ஆயிரும். அதுவரைக்கும் கரி குடுங்க. நல்ல கட்டையை எரிச்சுக் கரியாக்கித் தூளாக்கித் தண்ணியில கரைச்சு ஊத்துங்க. டிரம்முல புடிக்கிற மாதிரியே வயித்துலயும் கொஞ்சம் புடிக்கும். எல்லாம் பொழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன் நால்வாக்கா. நீங்களா இப்பிடிச் செஞ்சீங்க?" கடைசிக் கேள்வி அவளை அறியாமல் வந்துவிட்டது போலிருந்தது. நால்வா போனை வைத்துவிட்டு டிரம் பக்கம் நடந்தாள்.

டிரம்முக்கென்று வைத்திருந்த நல்ல கட்டை மூன்று சாக்கு இருந்தது. அதை வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். அதெயில்டோ குழி வெட்டினான். கட்டையை அடுக்கித் தீ வைத்து, தகரத்தால் மூடி, விளிம்பில் மண் அப்பினார்கள். மஞ்சள் புகை வந்து, வெள்ளைப் புகை வந்து, பிறகு நீலப் புகை மெல்லிசாக வந்தபோது இடுக்கை முழுக்க அடைத்தார்கள். ஆறும்வரை அவள் குழியருகிலேயே உட்கார்ந்திருந்தாள். அதெயில்டோவிடம் எல்லாம் சொல்லியிருந்தாள்.

"ஏன் சொன்னேன்னு நெனைக்கியா?" என்று கேட்டாள்.

"ஏன் லேட்டாச் சொன்னன்னு நெனைக்கேன்" என்றான் அவன்.

கரியைக் கல்லில் வைத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, இரண்டு வாளியில் கரைத்து மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனபோது வெயில் சாய்ந்திருந்தது. இரேனிசே பட்டிக் கதவைத் திறக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நால்வா வேலியைத் தாண்டி உள்ளே இறங்கினாள். டாக்டர் நாளைக்குத்தான் வருவார், அதுவரைக்கும் இந்தக் கரி என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

இரேனிசே முதல் ஆட்டை முழங்காலுக்கு நடுவே இடுக்கித் தாடையை உயர்த்திப் பிடித்தாள். நால்வா கரித்தண்ணீர் மொண்ட பாட்டிலைக் கடைவாய் ஓரம் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அவசரப்பட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு மடக்கு, நிறுத்து, தொண்டையைத் தடவு, இன்னொரு மடக்கு. பன்னிரண்டு ஆட்டுக்கும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்து இருவரும் சேர்ந்து மருந்து ஊற்றிய கைகள், ஒன்றுக்கொன்று சொல்லவேண்டியதே இல்லை. முகத்திலும் முழங்கையிலும் கரி அப்பிக்கொண்டது. மேயர் மட்டும் வாங்கிய கரியை நால்வா மார்பில் துப்பினான். வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள்.

மூன்று ஆடு மறுநாள் டாக்டர் வருவதற்குள் போய்விட்டன. ஒன்பது பிழைத்தன. மேயரும் பிழைத்தான். இரண்டு மாதத்துக்குப் பாலைக் கறந்து கொட்டச் சொல்லிவிட்டார் டாக்டர். தினமும் கறந்து மண்ணில் ஊற்றினாள் இரேனிசே.

எவரால்டோ நால்வாவைக் கூப்பிட்டு, "எங்க போச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னேன்ல, எதுக்கு ஊருக்கெல்லாம் சொன்ன?" என்று கத்தினான். தாயிஸ் எழுதி அனுப்பியதில் லாரி மறு வாரமே வந்தது, மிச்ச ஐந்து சாக்கும் அதில் போயின. வேலை மட்டும் போகவில்லை. டிரம்மைப் பார்க்க வேறு ஆள் இல்லை. போயிருந்தால் கொஞ்சம் தேவலை என்று நால்வா அதெயில்டோவிடம் சொன்னாளாம். செய்ததுக்கும் பட்டதுக்கும் கணக்குச் சமமாகியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் எல்லார் வாசலிலும் தீ எரிந்தது. அக்கார்டியன் சத்தம், சுட்ட சோள வாசம், பிள்ளைகளின் வெடி. நெருப்புறவுக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் தீயைச் சுற்றிக் கைகோத்து ஒரு தரம் நடப்பார்கள். நால்வா தன் வாசல் தீயருகே நின்றாள். காய்ந்த வயலுக்கு அந்தப் பக்கம் இரேனிசே வீட்டுத் தீ சிறிதாகத் தெரிந்தது. அங்கே ஒருத்தி மட்டும் நிற்பது தெரிந்தது. நால்வா இரண்டு தரம் வயல் வரப்புவரை போய்த் திரும்பினாள்.

திருநாள் முடிந்தால் ஊரில் கட்டைக்குப் பஞ்சமில்லை. எங்கெங்கிருந்தோ சோளம் வருவித்துச் சுட்டுத் தின்றுவிட்டுத் தெருவெல்லாம் எறிந்திருப்பார்கள். மூன்றாம் நாள் காலை இரேனிசேயின் வண்டி நிறைந்து வந்தது. அவள் வராமல் இருக்க மாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். பால் போன பிறகு கட்டைதான் அவளுக்கு மிச்சம். பின்வாசலில் இறங்கி, வண்டியைச் சரித்துக் கொட்டினாள்.

நால்வா இரண்டு சாக்குத் தூளைத் தயாராகச் சாய்த்து வைத்திருந்தாள். அன்றைக்கு விடிகாலை தானே அரைத்துச் சலித்தது. பூ மாதிரி வெள்ளைத் தூள், சாயத்தின் நிழல்கூடப் படாதது. ஒரு சாக்கை இழுத்து வண்டியருகே வைத்தாள்.

"புதுசு. இன்னைக்குச் சலிச்சது."

இரேனிசே வண்டிப் பலகையைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"சாயக் கட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சல்லடைய மாத்தியாச்சு. மில்லக்கூட வெந்நி ஊத்திக் கழுவுனேன்."

நால்வா சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள். அப்படியே வாயில் போட்டாள். மென்றாள். உலர்ந்த தூள், எச்சிலை எல்லாம் உறிஞ்சி அண்ணத்தில் அப்பிக்கொண்டது. விழுங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு பிடி அள்ளி அதையும் போட்டாள். பாய்லர்காரர்களும் மடிப்புக்காரிகளும் எட்டிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

இரேனிசே திரும்பி அவளைப் பார்த்தாள். வண்டிக்கு அடியில் தொங்கிய தண்ணீர்ப் பாட்டிலை அவிழ்த்து நீட்டினாள்.

"குடி. விக்கப் போவுது."

நால்வா வாங்கிக் குடித்தாள். இருமினாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோது இரண்டு பேர் விரல்களும் பட்டுக்கொண்டன. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

இரேனிசே வண்டியில் ஏறிவிட்டாள். கழுதை கழுத்தை வளைத்து மூக்கை நீட்டி, சாக்கின் வாயில் இருந்த தூளை முகர்ந்தது. உதடு தொடுவதற்குள் அவள் கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். வண்டி சரிவில் இறங்கிப் போயிற்று. சாக்கு வைத்த இடத்திலேயே இருந்தது.